கால்பந்தாட்ட ஆசான் சையது அப்துல் ரஹீம்

நல்லாசிரியர் யார் என்னும் வினாவுக்கு விடைகூறப் புகுந்த பவணந்தி முனிவர் நான்கு உவமைகளைத் தேர்ந்தெடுத்தார். நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன அவை. உழுபவன் முயற்சிக்கும் பருவத்துக்கும் ஏற்ப விளைவு தருவது நிலம். அசையாது நின்று, மழை பொய்த்த காலத்திலும் வளம் சுரப்பது மலை. ஐயம் அகற்றி, ஒருபாற் கோடாமல் நிறுத்துக் காட்டுவது துலாக்கோல். யாவரும் விரும்பிச் சூட நிற்பது மலர். நன்னூல் இயற்றப்பெற்ற நாளில் ஏடும் எழுத்தாணியும் ஏந்திய ஆசிரியரையே முனிவர் மனத்திற் கொண்டிருப்பார். எனினும் ஏடின்றிப் புல்தரையிற் பாடம் சொன்ன ஓர் ஆசிரியருக்கும் இவ்விலக்கணம் இம்மியும் பிசகாமற் பொருந்துகின்றது. அவரே ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம்.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கால்பந்து அணி இரண்டே முறை பொற்பதக்கம் வென்றுள்ளது. முதலாவது 1951-ல் தில்லியிலும், இரண்டாவது 1962-ல் ஜகார்த்தாவிலும் கிடைத்தன. இவற்றுக்கு இடையே 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் கிட்டியது. மூன்று நிகழ்ச்சிகளிலும் அணியின் பயிற்சியாளர் ரஹீம் ஒருவரே. அணித்தலைவர்களையும் கோல் அடித்தவர்களையும் அறிந்த அன்பர்கள் பலர் உளர். அவர்களை ஆக்கிய ஆசானை அறிந்தவரோ சிலரே. பந்தாட்ட அறிவு அவருக்கு நிரம்ப இருந்தது உண்மையே. ஆயினும் அவரை உயர்த்தியது அவருள்ளே குடியிருந்த பள்ளி ஆசிரியரே என்பது நம் துணிபு. அத்துணிபை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளியும் பந்தும்

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். இந்திய மொழியொன்றைப் பயிற்று மொழியாகக் கொண்டு உயர்கல்வி அளிக்கலாம் என்பதை 1918-ஆம் ஆண்டு முதலே உருது மொழியின் வாயிலாக மெய்ப்பித்த கலைக்கூடம் அது. தாய்மொழிக் கல்வியைப் பற்றி ஓயாது பேசும் நமக்கு இச்செய்தி உவப்பளிக்கக் கூடியது. அப்பல்கலைக்கழக அணியில் ரஹீம் கால்பந்தாடினார். நகரின் சிறந்த உள்ளூர்க் குழுக்களிலும் இடம்பெற்றார்.

பட்டம் பெற்றபின் அவர் நாடியது ஆசிரியப் பணியே. காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி முதலியவற்றில் அவர் பணியாற்றினார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். காலையில் வகுப்பறை, மாலையில் மைதானம் என அவர் வாழ்வு அமைந்தது. கற்பிக்கும் இடம் மாறிற்றே தவிர, கற்பிக்கும் முறை மாறவில்லை.

சிறுவனுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர் எடுத்த எடுப்பிலேயே செய்யுளைத் தருவதில்லை. அகரத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் செய்கிறார். ரஹீமும் அவ்வாறே செய்தார். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு எதிரிகளை ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்வதே அக்கால ஆட்டக்காரரின் பெருமிதம். பார்ப்போர் கைதட்டியதும் அதற்கே. ரஹீமோ அவ்வாறு பந்தை உருட்டிச் செல்வதையே தடைசெய்து, இளைஞர்க்கெனத் தனிப்போட்டிகள் நடத்தினார். வந்த பந்தை உடனே தோழனுக்குத் தள்ளியாக வேண்டும். வலக்காலன் இடக்காலாலேயே ஆட வேண்டும் என்னும் விதியோடும் போட்டிகள் வைத்தார். தடையின் வாயிலாகத் திறமையை வளர்க்கும் இத்தந்திரம் நல்லாசிரியருக்கே உரியது. நன்றாக எழுதும் மாணவனின் கையெழுத்தைப் புகழ்ந்துகொண்டே இராமல், அவனுக்கு வராத கணக்கைக் கொடுத்து உட்காரவைக்கும் ஆசிரியரை நாம் எல்லோரும் நம் பள்ளிப்பருவத்தில் ஒருமுறையேனும் கண்டிருப்போம்.

நகரக் காவலர் அணி

ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு 1940-களில் ரஹீமிடம் வந்தது. ஐதராபாத் நகரக் காவலர் அணிக்கும் அவர் பயிற்சியாளரானார். இவ்விரு பணிகளும் அவருடைய இறுதிக்காலம் வரை தொடர்ந்தன.

அந்நாளில் இந்தியக் கால்பந்தின் தலைநகர் கல்கத்தாவே. மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் வெல்லத் தக்கார் யார் என்று வங்கம் இறுமாந்திருந்த காலம் அது. அப்போது தக்காணத்திலிருந்து புறப்பட்ட காவலர் கூட்டமொன்று 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. தில்லியில் நடைபெறும் டூரண்டு கோப்பையையும் 1950-ல் வென்றது. 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பை ஐதராபாத்துக்கே சென்றது. இருமுறையும் தோற்றது பம்பாய். கிழமைதோறும் சம்பளத்துக்குக் காவற்பணி புரிந்த எளிய மனிதர்கள் நாட்டின் முதல் அணியாக உயர்ந்ததற்குக் காரணம், தரையோடு தரையாகக் குறுகிய தூரத்தில் பந்தைக் கைமாற்றி ஆடும் கூட்டாட்டமே. அது பயிற்சியின் விளைவு. நிலம் என்று நன்னூலார் சொன்னது இதனையே. முயற்சியின் அளவுக்கு விளைவு.

தில்லியின் பொன்னும் ஹெல்சின்கியின் பாடமும்

முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1951 மார்ச்சில் தலைநகர் தில்லியில் நடைபெற்றன. இந்தியா வாயிலுக்கு அருகே, இன்று தயான் சந்தின் பெயர் தாங்கி நிற்கும் தேசிய அரங்கை நம்மில் பலர் அலுவலகம் செல்லும் வழியில் நாள்தோறும் கடக்கின்றோம். அங்கேதான் சைலேன் மன்னாவின் தலைமையில் இந்திய அணி ஈரானை 1-0 என வென்றது. மேவாலால் அடித்த கோலைப் பிரதமர் நேரு நேரிற் கண்டு களித்தார். ரஹீம் பயிற்றுவித்த அணிக்குக் கிடைத்த முதல் பொன் அது.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்னும் கணக்கில் நசுக்கியது. குளிர்ந்த அயல்நாட்டுத் தரையில் நம்மவரிற் பலர் காலணியின்றி ஆடினர். வெறுங்கால் ஆட்டத்தை வீரமென்று கொண்டாடிய காலம் அன்றோடு முடிந்தது. இனிக் காலணி கட்டாயம் எனக் கால்பந்துக் கூட்டமைப்பு விதித்தது.

தேர்வில் மாணவர் தோற்றால் மாணவரை ஏசுவோர் உண்டு. வினாத்தாளை ஏசுவோரும் உண்டு. தம் பாடத்தைத் திருத்திக்கொள்பவரோ அரியர். ரஹீம் அவ்வரியருள் ஒருவர். ஹெல்சின்கியிற் பொன் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டத்தை அவர் ஆழ்ந்து கற்றார். அவ்வணியே 1953 நவம்பரில் லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை 6-3 என வென்று உலகை வியப்பில் ஆழ்த்தியது. அதன் சூட்சுமம் இது: நடு முன்னணி ஆட்டக்காரர் வழக்கம்போல் எதிரியின் கோலருகே நில்லாமற் பின்வாங்கி நிற்பார். அவரைக் காவல்புரிய வேண்டிய எதிரணிக் காப்பாளர், உடன் வருவதா, இடத்திலேயே நிற்பதா எனத் தடுமாறுவார். அத்தடுமாற்றம் திறந்துவிடும் இடைவெளியிற் பிற முன்னணியினர் புகுவர். ஹங்கேரியின் ஹிதெக்குட்டி ஆடிய இம்முறையை ரஹீம் இந்திய இளைஞர்க்குப் பாடமாக்கினார். நாற்பத்து மூன்று வயதுக்குமேல், தாம் இளமையில் ஆடிய ஆட்டத்தையே ஒதுக்கிவைத்துப் புதிது கற்பது எளிதன்று. பத்தாண்டுப் பழமையான குறிப்பேட்டையே புரட்டும் ஆசிரியர்களைக் கண்டு சலித்த நமக்கு இதன் அருமை புரியும்.

மெல்போர்ன்

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் உருவாயின. ஐதராபாத் மாநிலம் வரைபடத்திலிருந்து மறைந்தது. அதே மாதத்தில் ஐதராபாத்தின் ஆட்டக்காரர் பலர் இந்தியாவின் பெயரால் மெல்போர்னில் நின்றனர். அசீசுத்தீன், லத்தீப், நூர் முகம்மது, சுல்பிகருத்தீன், பலராம் முதலியோர் ரஹீமின் கண்ணெதிரே வளர்ந்தவர்கள். சமர் பானர்ஜி அணித்தலைவர்.

முதற் சுற்றில் இந்தியாவை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது ஹங்கேரி. அவ்வணி போட்டியிலிருந்து விலகிவிட்டது. எவரிடம் கற்றாரோ அவரோடு பொருதும் வாய்ப்பு ரஹீமுக்கு அங்கே கிட்டவில்லை. அடுத்து வந்தது போட்டியை நடத்திய ஆஸ்திரேலியா. டிசம்பர் முதல் நாள் இந்தியா அதனை 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் பெருமையும் இந்தியாவுக்கு வாய்த்தது.

அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. இந்தியாவே முதலில் கோல் அடித்தது. பின்னர் 4-1 எனத் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என வென்றது. பதக்கம் கைநழுவியது. ஆனால் நான்கே ஆண்டுகளில் 10-1 என்பது 4-1 ஆயிற்று. மதிப்பெண் பட்டியலை ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியருக்கு இந்த எண்களே பதக்கம்.

ரஹீமும் தமிழ் இளைஞரும்

ரஹீமின் வரலாற்றில் தமிழர்க்குரிய பங்கினை இவ்விடத்திற் குறிப்பது கடமை. படைமுகாம் நகரமான சிகந்தராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய எளிய குடும்பமொன்றில் அம்முகுடா என்னும் சிற்றூரில் 1936-ல் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். அங்கிருந்து ஐதராபாத்துக்கு நாள்தோறும் வந்துபோகப் பலராமிடம் பணமில்லை. வாடகை மிதிவண்டிக்கான காசை ரஹீமே கொடுத்து வரச்செய்தார் என்பது பலராமின் வாழ்க்கைக் கதையில் தவறாது இடம்பெறும் செய்தி. அவ்வாறு மிதிவண்டியில் வந்த இளைஞர் இருபதாம் வயதில் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். 1960-ல் ரோம் நகரில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, இந்தியா கண்ட தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரருள் ஒருவர் எனப் போற்றப்பட்டார். வாடகைக் காசு சிறியதே. ஆனால் திறமைக்கும் வறுமைக்கும் இடையே நிற்கும் சுவரைப் பெயர்க்கச் சில வேளைகளில் அந்தச் சிறு காசே போதும்.

கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜும் ஐதராபாத்திற் பிறந்தவரே. சிகந்தராபாத்தின் குழுக்களில் ஆடிப் பழகி, பின்பு சென்னைப் படைப்பிரிவின் மையத்திற் சேர்ந்தார். அம்மையத்தின் அணி 1955-லும் 1958-லும் டூரண்டு கோப்பையை வென்றது. தஞ்சையைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் ரோமுக்குச் சென்ற அணியிலும், அருமைநாயகமும் எத்திராஜும் ஜகார்த்தா சென்ற அணியிலும் இருந்தனர். வங்காளியும் சீக்கியரும் கோவாக்காரரும் மலையாளியும் தமிழரும் ஐதராபாத் முஸ்லிமும் ஒருவருக்கொருவர் தாய்மொழி அறியாதவர்கள். அவர்களை ஒரே வாக்கியம்போல் இயங்கவைத்தவர் ரஹீம்.

தந்தையும் துலாக்கோலும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் பி. கே. பானர்ஜி அணித்தலைவர். இந்தியா ஹங்கேரியிடம் 2-1 எனப் போராடித் தோற்றது, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது, பெருவிடம் தோற்றது.

அவ்வணியில் ரஹீமின் மகன் சையது ஷாகித் ஹக்கீமும் ஒருவர். பயிற்சியாளரின் மகன் என்பதால் அணியில் இடம் கிடைத்தது என எவரேனும் முணுமுணுத்திருக்கக் கூடும். ஆனால் ரோமில் ஆடிய மூன்று ஆட்டங்களில் ஒன்றிலேனும் ஹக்கீம் களம் இறங்கவில்லை. எத்தனை தந்தையர்க்கு இது கூடும்? மகன் ஒலிம்பிக் வீரனாக ஒரு நாழிகையேனும் ஆடிவிட மாட்டானா என்னும் ஆசை எந்தத் தந்தைக்கும் இயல்பு. ஆடுவோர் பட்டியலை எழுதும் பேனாவோ அத்தந்தையின் கையிலேயே இருந்தது. அப்பேனா வளையவில்லை. நடுவுநிலைமை என்று நாம் ஏட்டிற் படிப்பதன் முழுப்பொருளை இந்நிகழ்ச்சி விளக்குகின்றது.

மகன் அதனாற் கசந்துவிடவில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஹக்கீம் விமானப்படையில் அதிகாரியாக விளங்கினார், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற நடுவரானார், பயிற்சியாளராகவும் பணிபுரிந்தார். 2017-ல் தயான் சந்து விருது பெற்ற அவர் 2021 ஆகஸ்டில் காலமானார். ஒருபாற் கோடாத தந்தையின் மகன் ஆட்ட நடுவரானது எவ்வளவு பொருத்தம்!

ஜகார்த்தா

1962-ல் நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு அணியை ஆயத்தம் செய்தபோது ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அந்த உடலோடு அவர் ஜகார்த்தா சென்றார்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பின்னர் தாய்லாந்தை 4-1 எனவும், ஜப்பானை 2-0 எனவும் வென்றனர். தாய்லாந்துடன் ஆடுகையில் பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது. தையல் போட வேண்டியதாயிற்று. கோல் காப்பாளர் தங்கராஜைக் காய்ச்சல் பற்றியது. பிரத்யோத் பர்மன் அவரிடத்தில் நின்றார். இந்நிலையில் ரஹீம் எடுத்த முடிவு வியப்பளிப்பது. காயமுற்ற ஜர்னைலை ஓய்வுக்கு அனுப்பாமலும், காப்பரணில் நிறுத்தாமலும், முன்னணி ஆட்டக்காரராக்கினார். அருண் கோஷைக் காப்பரணின் நடுவில் நிறுத்தினார். அரையிறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3-2 என வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. இன்ன செயலை இன்னாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆராய வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதற்கு இதனினும் பொருத்தமான உரை கிடைப்பது அரிது.

இறுதியாட்டம் செப்டம்பர் 4-ஆம் நாள்; எதிரி மீண்டும் தென்கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். அவர்களுள் இந்தியாவுக்கு வாழ்த்துக் கூறுவார் அரியர். காரணம் அரசியல். இஸ்ரேல், தைவான் ஆகிய நாடுகளின் அணிகளை இந்தோனேசியா உள்ளே விடவில்லை. ஆசியப் போட்டிகளை உருவாக்கிய பெரியோருள் ஒருவரான நம் நாட்டு ஜி. டி. சோந்தி அதனைக் கண்டித்தார். அதனால் மூண்ட சினத்தில் அங்கிருந்த இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. அரங்கின் கூச்சலில் நம் நாட்டுப்பண்ணும் அமிழ்ந்தது.

ஆட்டத்துக்கு முந்திய இரவு ரஹீம் தம் மாணவர்களிடம் ஒரு பரிசு கேட்டார் என்பர். அவர் கேட்டது நாளைய பொற்பதக்கம். அவர் உடல்நிலையை அறிந்தவர்க்கு அது எத்தகைய வேண்டுகோள் என்பதை விளக்க வேண்டியதில்லை. மறுநாள் பி. கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். தலைக்காயத்தோடு ஆடிய ஜர்னைல் மற்றொன்று அடித்தார். காய்ச்சல் நீங்கித் திரும்பிய தங்கராஜ் கோலைக் காத்தார். கொரியர் ஒரு கோல் அடித்தும் பயனில்லை. 2-1 என வென்ற சுனி கோஸ்வாமியின் அணி ஆசானுக்குக் கேட்ட பரிசைத் தந்தது. வறட்சியிலும் வளம் சுரப்பது மலை. ரஹீமின் உடல் வறண்ட வேளையில் கிடைத்த விளைவு இது.

ஒன்பது திங்கள் கழிந்தன. 1963 ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53.

பின்னர்

அவர் மறைந்த மறு ஆண்டு இந்தியா ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றது. 1970-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்றது. அவ்வணியின் பயிற்சியாளருள் ஒருவர் ரஹீமின் மாணவர் பி. கே. பானர்ஜி. அதற்குப்பின் ஆசிய விளையாட்டுகளின் ஆடவர் கால்பந்தில் இந்தியா எந்தப் பதக்கமும் பெறவில்லை. ரஹீமோடு இந்தியக் கால்பந்தும் புதைகுழிக்குச் சென்றுவிட்டது என்னும் கருத்துப்பட, ஜகார்த்தா அணியில் ஆடிய பிராங்கோ பின்னாளில் வருந்திக் கூறியிருக்கிறார்.

ஒரு மனிதர் மறைந்தவுடன் ஒரு துறையே தளர்வது அம்மனிதருக்குப் பெருமை, அத்துறைக்கு இழுக்கு. கோப்புகளிடையே வாழும் நம்போன்ற அரசுப் பணியாளர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். குறிப்பெழுதி வைக்கப்படாத எதுவும், அதைச் செய்தவர் நாற்காலியை விட்டு எழுந்ததும் மறைந்து போகும். ரஹீமின் பயிற்சி முறைகளுட் பெரும்பாலானவை அவர் மாணவர்களின் நினைவுகளாகவே நமக்கு எட்டியுள்ளன. ஒவ்வோர் ஊரிலும் அப்பாடத்தைத் தொடர்ந்து சொல்ல ஆசிரியர் பரம்பரை ஒன்று உருவாகியிருக்க வேண்டும். நாடோ பதக்கத்தைப் போற்றியது, பள்ளியைக் கட்டவில்லை. பயிற்சியாளர்க்கெனத் துரோணாசாரியர் விருது ஏற்படுத்தப்பட்டது 1985-ல். அதற்குள் ரஹீம் மறைந்து 22 ஆண்டுகள் கடந்திருந்தன. 2024-ல் வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் அவர் கதையை மக்களிடம் கொண்டு சென்றது. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் திரை நினைவூட்டும் வரை ஒரு தேசம் தன் ஆசிரியரை மறந்திருந்தது என்பதும் உண்மை.

இன்றும் நம் பிள்ளைகளின் பள்ளிகளில் விளையாட்டு வகுப்பென்றால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கும் நேரம் என்றே பொருள். அந்நேரத்தை மாணவர்க்குத் திருப்பித் தருவதே ரஹீமுக்கு நாம் செய்யக்கூடிய முதல் அஞ்சலி. இரண்டாவதும் ஒன்று உண்டு. சங்கத்து அன்பர் ஒவ்வொருவர் ஊரிலும், மாலை வேளையில் விசிலும் பந்துமாகச் சிறுவர்களைத் திரட்டிய ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பார். யாருக்கு மிதிவண்டி வாடகை கொடுத்தார், யாரை எந்த இடத்தில் நிறுத்தினார், தம் பிள்ளையை எப்போது உட்காரவைத்தார் என்பனவற்றை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைப்போம். மலர்போல் சூடத்தக்க ஆசிரியர்கள் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. அவர்களைத் தொடுக்கும் நார் நம் எழுத்தே.